கதிர்வீச்சு வழி ஒட்டுப் பலபடியாக்கம்: வட்டக்கோட்டைக் கடற்கரையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நெகிழிப் படலத்தைக் காமாக் கதிர்களுக்கோ எலக்ட்ரான் கற்றைக்கோ உட்படுத்தி, அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகளின்மேல் வேறொரு பலபடியின் சங்கிலிகளை வளரச்செய்யும் முறை கதிர்வீச்சு ஒட்டுப் பலபடியாக்கம் எனப்படுகிறது. இம்முறையின் அடிப்படை வினைகள், செய்முறைகள், அளவிடும் வழிகள், பயன்கள், வரம்புகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. கடற்கரையில் கிடக்கும் நெகிழியை வெயில் சிதைப்பதும், ஆய்வகத்தில் கதிர்வீச்சு அதற்குப் புதிய பண்பை அளிப்பதும் ஒரே வகை வினையிலிருந்தே தொடங்குகின்றன. பிணைப்பு அறுந்த இடத்தை முதலில் அடைவது ஆக்சிஜனா, ஒற்றைப்படியா என்பதே முடிவை வேறுபடுத்துகிறது என்பது இக்கட்டுரையின் மையக் கருத்து.

திறவுச் சொற்கள்: கதிர்வீச்சு, பலபடி, ஒட்டு, தனி உறுப்பு, நெகிழிப் படலம், மோனசைட்டு, வட்டக்கோட்டை

முன்னுரை

கன்னியாகுமரிக்கு வடகிழக்கே, கடலை ஒட்டி அமைந்துள்ளது வட்டக்கோட்டை. 1741இல் நிகழ்ந்த குளச்சல் போருக்குப் பின் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படைப்பணியில் சேர்ந்த, முன்னர் டச்சுப் படையில் இருந்த டிலனாயின் பெயரோடு இக்கோட்டையின் வரலாறு இணைந்திருக்கிறது. கோட்டையின் மதிலிலிருந்து கீழே நோக்கினால் கரைமணல் கருமை படர்ந்திருப்பதைக் காணலாம். இல்மனைட்டு முதலிய கனிமங்களே அக்கருமைக்குக் காரணம். இம்மாவட்டக் கடற்கரை மணலில் இல்மனைட்டு, ரூட்டைல், சிர்க்கான், கார்னெட்டு ஆகியவற்றோடு தோரியம் அடங்கிய மோனசைட்டும் கலந்துள்ளது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைக்கொண்டு செருமானிய வேதியியலாளர் ஷாம்பெர்க் 1909இல் மோனசைட்டை அடையாளம் கண்டதும், மேற்கே மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரித்தெடுக்கும் ஆலை தோன்றியதும் அறியப்பட்ட வரலாறு.

இதே மணலின்மேல் இன்று நெகிழிப் பைகளும் மீன்வலைத் துண்டுகளும் ஒதுங்கிக் கிடக்கின்றன. சில மாதம் வெயிலில் கிடந்த பையொன்றைக் கையில் எடுத்தால் அது பொடிப்பொடியாக உதிர்கிறது. ஆக, கதிர்வீச்சை வெளியிடும் கனிமமும் கதிர்வீச்சால் சிதையும் நெகிழியும் இங்கு ஒரே இடத்தில் உள்ளன. கதிர்வீச்சு நெகிழியை என்ன செய்கிறது என்ற வினாவை எழுப்புவதற்கு இதனினும் பொருத்தமான இடம் அரிது. தமிழில் இவ்வினையைப் பற்றிய விரிவான விளக்கங்கள் மிகக் குறைவு என்பதாலும், கதிர்வீச்சு என்னும் சொல்லே இம்மாவட்ட மக்களிடையே அச்சத்தோடு இணைந்துள்ளது என்பதாலும் இக்கட்டுரை எழுதப்பெறுகிறது.

1. சொற்களைத் தெளிதல்

பல சிறிய மூலக்கூறுகள் தொடராக இணைந்து உருவாகும் நெடுஞ்சங்கிலியைத் தமிழகப் பாடநூல்கள் பலபடி என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் பல்பகுதியம் என்கின்றன. சங்கிலியின் ஓர் அலகாக அமையும் சிறு மூலக்கூறு இங்கு ஒற்றைப்படி எனப்படுகிறது. இணையாத எலக்ட்ரான் ஒன்றைக் கொண்டிருப்பதால் மிகுந்த வினைத்திறன் பெற்ற துகளைத் தனி உறுப்பு என்கிறோம்.

ஒட்டு என்னும் சொல் மாமரத்திலிருந்து வந்தது. ஒரு மாங்கன்றின் தண்டில் வேறொரு நல்லினத்தின் தளிரை இணைத்துக் கட்டும் வேளாண் முறையை இச்சொல் நினைவூட்டுகிறது. ஆனால் உவமைக்கு ஓர் எல்லை உண்டு. ஒட்டுமாங்கன்றில் இணைக்கப்படும் தளிர் முன்பே வளர்ந்தது. கதிர்வீச்சு ஒட்டிலோ, புதிய சங்கிலி வெளியிலிருந்து ஆயத்தமாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை. அறுபட்ட இடத்திலிருந்தே ஒவ்வோர் ஒற்றைப்படியாகச் சேர்ந்து அது வளர்கிறது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளாவிடில், பின்னர்க் காணவிருக்கும் தடைகளின் காரணம் விளங்காது.

கதிர்வீச்சும் கதிரியக்கமும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே கூறவேண்டும். தானே கதிர்களை வெளியிடும் பொருளின் பண்பு கதிரியக்கம். அவ்வாறு வெளியாகும் ஆற்றல் கதிர்வீச்சு. மோனசைட்டு கதிரியக்கமுடையது. காமாக் கதிருக்கு உட்படுத்தப்பட்ட நெகிழிப் படலம் கதிரியக்கமுடையதாவதில்லை. விளக்கொளியில் வைத்த பாத்திரம் விளக்காகிவிடாது என்பதைப்போல. இதற்குத் தெளிவான இயற்பியல் காரணம் உண்டு. கோபால்ட்-60 வெளியிடும் காமாக் கதிர்களின் ஆற்றல் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆகும். அணுக்கருவிலிருந்து ஒரு நியூட்ரானை வெளியேற்ற பெரிலியத்துக்கு ஏறத்தாழ 1.67, டியூட்டீரியத்துக்கு 2.2, கார்பனுக்கு 18க்கும் மேற்பட்ட மெகா எலக்ட்ரான் வோல்ட் தேவை. ஆகவே கோபால்ட் கதிரால் படலத்தின் எலக்ட்ரான்களைப் பெயர்க்க முடியுமே தவிர அணுக்கருவை மாற்ற முடியாது.

2. படலத்தினுள் நிகழ்வது

பாலிஎத்திலீனில் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை அறுக்க ஏறத்தாழ 4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். ஒரு கோபால்ட் காமாத் துகளின் ஆற்றல் அதனினும் சுமார் மூன்று இலட்சம் மடங்கு மிகுதி. அத்துகள் தன் ஆற்றலை ஓரிடத்திலேயே கொட்டுவதில்லை. வழியிலுள்ள எலக்ட்ரான்களைப் பெயர்த்தெறிகிறது. பெயர்ந்த எலக்ட்ரான்கள் மேலும் பல மூலக்கூறுகளை அயனியாக்கியும் கிளர்வுறச் செய்தும் செல்கின்றன. முடிவில் ஹைட்ரஜன் அணுக்கள் சில வெளியேறுகின்றன. சங்கிலியில் தனி உறுப்பு மையங்கள் எஞ்சுகின்றன.

எத்தனை மையங்கள் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒட்டுச் செய்முறைகளில் இயல்பாகக் கையாளப்படும் 10 கிலோகிரே அளவை எடுத்துக்கொள்வோம். ஒரு கிரே என்பது ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை ஏற்பது. எனவே ஒரு கிராம் படலம் 10 ஜூல் ஆற்றலை ஏற்கிறது. 100 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு 3 தனி உறுப்புகள் தோன்றுவதாகக் கொண்டால், பாலிஎத்திலீனில் ஏறத்தாழ 23,000 மெத்திலீன் அலகுகளுக்கு ஒரு மையம் என்ற விகிதம் கிடைக்கிறது. இந்த ஆற்றலால் படலத்தின் வெப்பநிலை உயர்வதோ சுமார் 5 பாகை செல்சியசு மட்டுமே. படலம் உருகுவதில்லை, வடிவம் மாறுவதில்லை. வினையூக்கியோ தொடக்கியோ சேர்க்கத் தேவையில்லாததால் அவற்றின் எச்சமும் படலத்தில் தங்குவதில்லை. வினைபுரியும் தொகுதி ஏதுமற்ற, வேதிவினைகளுக்கு எளிதில் இடங்கொடாத பாலிஎத்திலீன் போன்ற பொருளுக்கு இம்முறை பொருந்துவதற்கு இதுவே காரணம்.

தோன்றிய மையம் நெடுநேரம் தனித்திராது. அதற்கு முன்னுள்ள வழிகள் நான்கு. அருகிலுள்ள மற்றொரு மையத்துடன் இணைந்தால் சங்கிலிகளிடையே குறுக்குப் பிணைப்பு உண்டாகும். சங்கிலியே அறுந்து குறுகலாம். ஆக்சிஜன் வந்தடைந்தால் பெராக்சி உறுப்பாகி, ஹைட்ரோபெராக்சைடாகி, முடிவில் கார்போனைல் தொகுதிகளும் அறுந்த சங்கிலிகளும் எஞ்சும். இரட்டைப் பிணைப்புடைய ஒற்றைப்படி வந்தடைந்தால் ஒட்டு வளரத் தொடங்கும்.

மூன்றாம் வழியே வட்டக்கோட்டைக் கரையில் நிகழ்வது. அங்குத் தொடக்கம் செய்வது மோனசைட்டு அன்று. சூரியனின் புற ஊதாக் கதிர். தூய பாலிஎத்திலீன் தரையை அடையும் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய உறிஞ்சுவதேயில்லை. உற்பத்தியின்போது தங்கிய வினையூக்கி எச்சங்களும் முன்பே உண்டான கார்போனைல் தொகுதிகளும் அதை உறிஞ்சித் தனி உறுப்புகளை உருவாக்குகின்றன. காற்று அவற்றை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. பை நொறுங்கி நுண்நெகிழியாகிறது. ஆய்வகத்தில் நாம் செய்வது நான்காம் வழிக்கு மூன்றாம் வழியைக் காட்டிலும் முன்னுரிமை கிடைக்கும்படி சூழலை அமைப்பது மட்டுமே.

3. செய்முறைகள் மூன்று

இத்துறை 1950களில் உருவானது. பிரான்சில் அடால்ஃப் சாப்பிரோ மேற்கொண்ட ஆய்வுகளும் 1962இல் வெளிவந்த அவரது நூலும் இதற்கு அடித்தளமிட்டன. இன்று கையாளப்படும் வழிகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, உடன்நிகழ் முறை. படலத்தை ஒற்றைப்படிக் கரைசலில் அமிழ்த்தி, நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றிய பின், இரண்டையும் ஒருங்கே கதிருக்கு உட்படுத்துவர். தோன்றும் மையத்தருகே ஒற்றைப்படி ஆயத்தமாக இருப்பதால் குறைந்த கதிர் அளவே போதும். ஆனால் கரைசலும் கதிரை ஏற்பதால், படலத்தோடு பிணையாத தனிப்பலபடி கரைசலிலேயே பெருகும். அதைக் கட்டுப்படுத்த மோர் உப்பு எனப்படும் இரும்பு(II) அம்மோனியம் சல்பேட்டையோ தாமிர உப்பையோ சிறிதளவு சேர்ப்பது வழக்கம்.

இரண்டாவது, முன்கதிர் முறை. வெற்றிடத்திலோ நைட்ரஜனிலோ படலத்தை மட்டும் கதிருக்கு உட்படுத்தி, பின்னர் ஒற்றைப்படியுடன் சேர்ப்பர். பலபடியின் படிகப் பகுதிகளில் சிக்கிய தனி உறுப்புகள் குளிரில் நெடுநாள் நிலைத்திருக்கும். தனிப்பலபடி குறைவு, கதிர் ஆலையும் வேதி ஆய்வகமும் வெவ்வேறு ஊர்களில் இருந்தாலும் பணி நடக்கும். தமிழகப் பல்கலைக்கழக ஆய்வாளர்க்கு இவ்வசதி சிறிதன்று.

மூன்றாவது, பெராக்சைடு முறை. இதில் காற்றிலேயே கதிர்வீச்சு நடைபெறும். தோன்றும் பெராக்சைடுகளைப் பின்னர் வெப்பத்தால் சிதைத்துப் புதிய தனி உறுப்புகளைப் பெற்று ஒட்டை வளர்ப்பர். கடற்கரையில் பையைச் சிதைக்கும் அதே பெராக்சைடு இங்கு ஒட்டின் வித்தாகிறது. ஆக்சிஜன் எப்போதும் பகை என்று கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு இம்முறையே சான்று.

கதிர் அளவு மட்டுமின்றி அடிப்படைப் பொருளும் முடிவைத் தீர்மானிக்கிறது. பாலிஎத்திலீன் கதிர்வீச்சால் பெரிதும் குறுக்குப் பிணைப்புறும். பாலிபுரொப்பிலீனில் சங்கிலி அறுதல் மிகுதி. வெப்பத்துக்கும் அமிலத்துக்கும் அஞ்சாத டெஃப்லானோ கதிர்வீச்சுக்கு, அதிலும் காற்றின் முன்னிலையில், மிக எளிதில் நலிவுறும்.

4. ஒட்டை அளத்தல்

ஒட்டு விழுக்காடு என்பது எடை உயர்வை முதல் எடையால் வகுத்து நூறால் பெருக்குவது. 0.250 கிராம் படலம் 0.310 கிராமானால் ஒட்டு 24 விழுக்காடு. கணக்கு எளிது, அதை நம்பும் நிலைக்கு வருவதே கடினம். இக்கட்டுரையாளரின் ஆய்வுத் தொடக்கத்தில் பாலிஎத்திலீனில் அக்ரிலிக் அமிலத்தை ஒட்டியபோது எடை வியக்கத்தக்க அளவு உயர்ந்தது. படலத்தை வெந்நீரில் நெடுநேரம் மீண்டும் மீண்டும் அலசியபின் அவ்வுயர்வின் பெரும்பகுதி கரைந்து போயிற்று. ஒட்டு எனக் கருதியது, படலத்தின்மேல் படிந்திருந்த பாலிஅக்ரிலிக் அமிலமே. எடை மாறாநிலை எய்தும்வரை பிரித்துக் கழுவிய பின்னரே ஒட்டு விழுக்காட்டைக் குறிப்பிட வேண்டும் என்னும் நெறி அன்று பட்டறிவாயிற்று.

அகச்சிவப்பு நிறமாலையும் ஏமாற்றக்கூடும். அக்ரிலிக் அமில ஒட்டுக்குச் சான்றாகக் காட்டப்படும் கார்போனைல் முகடு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1710 என்னும் அலையெண்ணில் தோன்றும். வெயிலில் நைந்த பையும் ஏறக்குறைய அதே இடத்தில் முகட்டைக் காட்டும். எனவே முகடு மட்டும் ஒட்டை மெய்ப்பிக்காது. காரக் கரைசலில் நனைத்து அமிலத் தொகுதி உப்பாக மாறுவதால் முகடு இடம்பெயர்வதைக் காண்பதும், தரம்பார்த்தல் வழி அமிலத் தொகுதிகளின் அளவை அறிந்து எடை உயர்வோடு ஒப்பிடுவதும் தேவை.

முற்பகுதியில் கண்ட கணக்கை இங்கு நீட்டலாம். 10 கிலோகிரேயில் தோன்றிய மையம் ஒவ்வொன்றும் ஒரு சங்கிலியைத் தொடங்கியதாகக் கொண்டால், 24 விழுக்காடு ஒட்டுக்கு ஒவ்வொரு சங்கிலியும் சராசரியாக ஆயிரத்துக்கு மேற்பட்ட அக்ரிலிக் அமில அலகுகளைக் கொண்டிருக்க வேண்டும். உண்மையில் பல மையங்கள் தம்முள் இணைந்து மறைவதால் சங்கிலிகள் இதனினும் நீண்டவையாக இருக்கும். அரிதான மையங்கள், நீண்ட கிளைகள் என்பதே ஒட்டுப் படலத்தின் அமைப்பு.

ஒட்டு படலத்தின் இருபுறமிருந்தும் உள்நோக்கி முன்னேறுகிறது. பாலிஎத்திலீனில் நீரோ அக்ரிலிக் அமிலமோ எளிதில் ஊறுவதில்லை. மேற்பரப்பில் ஒட்டு வளர்ந்தபின் அப்பகுதி உப்புகிறது. உப்பிய பகுதி வழியே ஒற்றைப்படி அடுத்த அடுக்கை அடைகிறது. இரு முகப்புகளும் நடுவில் சந்திக்கும்வரை படலத்தின் மையம் பழைய பாலிஎத்திலீனாகவே இருக்கும். மேற்பரப்புப் பண்பு மட்டும் போதுமெனில் முன்னரே நிறுத்தலாம். அயனிகள் ஊடுருவிச் செல்ல வேண்டுமெனில் முகப்புகள் சந்தித்தாக வேண்டும்.

5. பயன்கள்

அக்ரிலிக் அல்லது மெத்தாக்ரிலிக் அமிலம் ஒட்டிய பாலிஎத்திலீன் படலங்கள் கார மின்கலங்களில் பிரிப்பான்களாகப் பயன்படுகின்றன. புளூரின் அடங்கிய படலங்களில் ஸ்டைரீனை ஒட்டிச் சல்போனேற்றம் செய்தால் புரோட்டான்களைக் கடத்தும் எரிபொருள் மின்கலச் சவ்வு கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் 1990களில் நடைபெற்ற இவ்வாய்வுகளில் பங்கேற்ற புவனேஷ் குப்தா, தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஒட்டுப் பலபடிகள் குறித்து விரிவாக ஆய்ந்தவர்.

மருத்துவத் துறை எடுத்துக்காட்டு டோக்கியோவிலிருந்து கிடைக்கிறது. தெருவோ ஒகானோவின் குழுவினர் பாலிஸ்டைரீன் வளர்ப்புத் தட்டின்மேல் எலக்ட்ரான் கற்றையால் பாலி(என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு) சங்கிலிகளை மிக மெல்லிய அடுக்காக ஒட்டினர். 37 பாகையில் நீரை விலக்கும் அவ்வடுக்கில் செல்கள் பற்றி வளர்கின்றன. 32 பாகைக்குக் கீழே குளிர்வித்தால் சங்கிலிகள் நீரை ஏற்று விரிகின்றன. செல்கள் நொதியின் உதவியின்றி ஒரே தாளாகப் பிரிந்து வருகின்றன.

கடலோரத்தார்க்கு நெருக்கமானது யுரேனியம் திரட்டும் ஆய்வு. ஒரு டன் கடல்நீரில் ஏறத்தாழ 3.3 மில்லிகிராம் யுரேனியம் உள்ளது. அதாவது ஒரு கிலோகிராமுக்கு மூன்று இலட்சம் டன் கடல்நீர். சப்பானிய ஆய்வாளர்கள் பாலிஎத்திலீன் நெய்யாத் துணியில் எலக்ட்ரான் கற்றை வழி அக்ரைலோநைட்ரைலை ஒட்டி, அதை ஹைட்ராக்சிலமீனால் அமிடாக்சிம் தொகுதியாக மாற்றினர். படலத்தைவிடத் துணியின் பரப்பு மிகுதி என்பதே துணியைத் தேர்ந்ததற்குக் காரணம். முட்சு கடற்பகுதியில் 1999 முதல் 2001 வரை 350 கிலோகிராம் பரப்புக்கவரியை மொத்தம் 240 நாள் கடலில் அமிழ்த்தி, ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட யுரேனியத்தைப் பெற்றனர். நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி மையம் பாலிபுரொப்பிலீன் இழைத்துணியைக் கொண்டு இதே வகை ஆய்வை மேற்கொண்டது. அமிடாக்சிம் யுரேனியத்தை மட்டுமன்றி வனேடியத்தையும் வலுவாகப் பற்றுவதும், கடல் உயிரிகள் துணியில் படிவதும், மீண்டும் மீண்டும் பயன்படுத்துகையில் கொள்திறன் குறைவதும் இம்முறை இன்னும் வணிக நிலையை எட்டாததற்குரிய காரணங்களுள் அடங்கும்.

6. அளவும் அச்சமும்

மணலில் உள்ள மோனசைட்டின் கதிர்வீச்சும் படலங்களில் ஒட்டை நிகழ்த்துமா என்று மாணவர் வினவுவதுண்டு. கணக்குக்காக ஓரிடத்தின் இயற்கைக் கதிர் அளவை ஆண்டுக்கு 10 மில்லிகிரே எனக் கொள்வோம். 10 கிலோகிரேயை எட்டப் பத்து இலட்சம் ஆண்டுகள் ஆகும். ஆய்வகத்தில் கோபால்ட் கலம் அதைச் சில மணி நேரத்திலும் எலக்ட்ரான் முடுக்கி சில நொடிகளிலும் அளிக்கின்றன.

இவ்வொப்பீட்டை மக்களின் அச்சத்தை மறுக்கும் கருவியாக்குவது பிழை. 10 கிலோகிரே படலத்துக்குத் தாங்கக்கூடியது. மனித உடலுக்கோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கே உயிரைப் பறிக்கப் போதுமானது. மேலும், மூடிய எஃகு உறையினுள் இருக்கும் கோபால்ட் மூலமும், தூசியாக மூச்சில் கலக்கக்கூடிய மோனசைட்டும் தன்மையால் வேறு. முன்னதில் பாதுகாப்பு என்பது சுவரும் பூட்டும் முறையான கண்காணிப்பும். பின்னதில் காற்றும் மண்ணும் நீரும் கணக்கில் வரும். மணல் அகழ்வு குறித்த கவலையை ஒட்டுப் படலத்தின் பயனைக் காட்டி அடக்கவும் இயலாது. ஒட்டுப் படலத்தின்மேல் மணல் அகழ்வு குறித்த ஐயத்தை ஏற்றவும் இயலாது. மூலம் எது, அளவு எவ்வளவு, உடலுக்குள் செல்லும் வழி எது என்னும் மூன்று வினாக்களைத் தனித்தனியே கேட்பதற்குரிய சொற்களைத் தமிழில் நிலைநிறுத்துவதே ஆய்வாளரின் கடமை.

7. கரையொதுங்கிய நெகிழியை ஒட்டலாமா?

ஒட்டுப் பலபடியாக்கம் கடற்கரைக் குப்பைக்குத் தீர்வாகுமா என்பது இயல்பாக எழும் அடுத்த வினா. தூய்மையான தொழிற்கழிவில் இது இயலும் என்பதற்குச் சான்று உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மைய ஆய்வாளர்கள் டெஃப்லான் கழிவுத் துண்டுகளில் ஒட்டுச்செய்து அயனிப் பரிமாற்றிகளை உருவாக்கியுள்ளனர். கரையொதுங்கிய பையின் நிலை வேறு. அதன் சங்கிலிகள் முன்பே அறுந்துள்ளன. அதிலுள்ள நிலைப்படுத்திகள் தனி உறுப்புகளைப் பிடித்து அழிப்பதற்கென்றே சேர்க்கப்பட்டவை. அவை ஒட்டையும் தடுக்கும். நிறமிகளும் உப்பும் மணலும் ஒவ்வொரு துண்டிலும் வெவ்வேறு அளவில் இருப்பதால் ஒரு சோதனையின் முடிவு மறு சோதனையில் திரும்பாது. ஆகவே வெயிலில் நைவதற்கு முன்னரே சேகரித்து வகைபிரித்த நெகிழிக்கே இம்முறை பொருந்தும். குப்பை கரைக்கு வருமுன் தடுப்பதற்கு மாற்றாக இதனை முன்வைத்தல் அறிவியலுக்குப் பொருந்தாது.

முடிவுரை

கதிர்வீச்சு நெகிழிக்குச் செய்வது ஒன்றே: சங்கிலியில் ஆங்காங்கே பிணைப்பை அறுத்து வினைபுரியும் மையத்தை உண்டாக்குகிறது. கட்டுப்பாடின்றி ஆக்சிஜன் அங்குச் சேர்ந்தால் பொருள் நைகிறது. தேர்ந்தெடுத்த ஒற்றைப்படி சேர்ந்தால் அது அயனியைக் கடத்தவும், உலோகத்தைப் பற்றவும், செல்தாளை விடுவிக்கவும் வல்லதாகிறது. எனவே இத்துறையில் ஆய்வாளரின் திறன் கதிர் அளவைக் கூட்டுவதைவிட, அறுபட்ட இடத்தை எது முதலில் அடைய வேண்டும் என்பதைத் திட்டமிடுவதிலேயே அமைகிறது. கிடைத்த எடை உயர்வை ஐயுற்று மீண்டும் கழுவிப் பார்ப்பதும் அத்திறனில் அடங்கும். வட்டக்கோட்டை மதிலடியில் நொறுங்கும் ஒரு பையும் ஆய்வகத்தில் உருவாகும் ஒரு சவ்வும் ஒரே வினையின் இரு முடிவுகள் என்பதை வகுப்பறையில் காட்டலாம். அதற்குத் தேவையான முதல் சான்று கரையிலேயே கிடக்கிறது.